திரும்ப வந்தவனுக்குக் கை தட்டலாமா? தோட்டத்து உதைபந்தாட்ட ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் விளையாட்டுக் கழகத்துக்கு நான் பதினோரு ஆண்டுகளாகச் செயலாளர். பகலில் டவுனில் கைத்தொலைபேசி திருத்துகிறேன். சனிக்கிழமை இரவானால் கடையின் பின்அறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிடுவார்கள். இடைவேளையில் பிளேன்டீ வரும், கூடவே கேள்விகளும் வரும். சுற்றிச் சுற்றி எல்லாம் ஓர் இடத்துக்கே வந்து நிற்கும்: தப்புச் செய்த வீரனைத் திரும்ப ஏற்றுக்கொள்ளலாமா, கூடாதா? வாராவாரம் தொண்டை வற்றப் பேசுவதைவிட ஒருமுறை எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. கழகத்தின் தலையில் இதைக் கட்ட வேண்டாம். எழுதியிருப்பது முழுக்க என் அபிப்பிராயம்.

எங்கேயோ இங்கிலாந்தில் இருக்கிற கழகத்துக்கு நாம் ஏன் இவ்வளவு விசுவாசமாக இருக்கிறோம்?

விசுவாசம் பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. எங்கள் வீட்டுக்கு ஆர்சனல் வந்தது கட்டாரில் வேலை செய்த மாமாவின் பெட்டியில். விடுமுறைக்கு வந்தவர் சிவப்பு ஜேர்சி ஒன்றைக் கொடுத்தார். எனக்கு அளவு பெரிது. அம்மா கையை மடித்துத் தைத்துக் கொடுத்தார். ஓஃப்சைட் என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே நான் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டேன். மேட்டு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு குடும்பமே லிவர்பூல். ஏன் என்று கேட்டால், "அப்பா லிவர்பூல்" என்பார்கள், குலதெய்வத்தைச் சொல்வதுபோல.

இதற்குக் கொடுக்கிற விலை கொஞ்சநஞ்சமல்ல. லண்டனில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை ஒன்றரை. முடிய மூன்றரை ஆகிவிடும். விடிந்ததும் பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போக வேண்டியவர்கள்தான் அதைக் கண்விழித்துப் பார்க்கிறார்கள். பின் பெஞ்சில் உட்காரும் அக்கா ஒருவர் இருக்கிறார். பகல் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு, கறை போகாத விரலால் திரையைக் காட்டி, உதவி நடுவர் கொடியை உயர்த்துவதற்கு முன்பே "ஓஃப்சைட்" என்பார். அவர் சொல்வது சரிதான் என்று பையன்கள் ஒப்புக்கொண்டது வீஏஆர் (காணொளி பார்த்து முடிவு சொல்லும் முறை) வந்த பிறகு.

கழகத்தை நேசித்தால் அதன் வீரர் செய்த தப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா?

வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2011 ஒக்டோபரில் மன்செஸ்டர் யுனைட்டெட்டுடன் நடந்த ஆட்டத்தில், லிவர்பூலின் உருகுவே வீரர் லூயிஸ் சுவாரஸ் எதிரணியின் பட்ரிஸ் எவ்ராவைத் தோல் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்று முடிவாகி, எட்டுப் போட்டித் தடை விழுந்தது. தீர்ப்பு வந்த கையோடு, அடுத்த ஆட்டத்துக்கு முன்னான பயிற்சிக்கு லிவர்பூல் வீரர்கள் சுவாரஸின் படம் போட்ட டீசேர்ட்டுகளை அணிந்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேமி கரகர், 2019 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் எவ்ராவின் முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்டார். எட்டு ஆண்டுகள் பிடித்தன.

"அவர்கள் நாட்டில் அது சாதாரணச் சொல்" என்று மேட்டு லயத்து நண்பன் அப்போது என்னிடம் வாதாடினான். சுவாரஸ் சொன்ன சமாதானமும் அதுதான். நண்பனுக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைவூட்டினேன். வெளியூர் மைதானமொன்றில் நாங்கள் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தபோது, எதிரணிக்காரன் ஒருவன் எங்கள் பையனைப் பார்த்து "தோட்டக்காட்டான்" என்றான், தோட்டத்து மக்களை இழிவுபடுத்தும் சொல். பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். சொன்னவனுடைய அணியினர் ஓடிவந்து, "விளையாட்டாகச் சொன்னான், விடுங்கள்" என்றார்கள். சொன்னவனின் தோளில் கை போட்டார்கள். நின்றவனின் பக்கத்தில் அவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. அந்த டீசேர்ட்டுகளும் அந்தத் தோளில் விழுந்த கைகளும் எனக்கு வேறு வேறு அல்ல. நண்பன் இன்றும் லிவர்பூல்தான். ஆனால் சுவாரஸ் பேச்சு வந்தால் பிளேன்டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

இரண்டாம் வாய்ப்பு உண்மையிலேயே பலித்த கதை இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் எல்லோரும் சொல்வது பவோலோ ரொஸ்ஸியை. 1980 இல் இத்தாலியை உலுக்கிய ஆட்ட நிர்ணயச் சூதில் அவருக்கு மூன்று ஆண்டுத் தடை. மேன்முறையீட்டில் அது இரண்டானது. தான் குற்றமற்றவர் என்றே அவர் கடைசிவரை சொல்லிவந்தார். தடை முடிந்து சில வாரங்கள்தான், காலில் பழைய வேகம் இல்லை. இருந்தும் பயிற்றுநர் என்ஸோ பெயார்ஸொட் அவரை 1982 உலகக் கிண்ணத்துக்கு அழைத்துப் போனார். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. இத்தாலியப் பத்திரிகைகள் பிய்த்துப் போட்டன. ஐந்தாவது ஆட்டம் ஜூலை 5 ஆம் திகதி, பார்சலோனா நகரில், எதிரே பிரேசில். ரொஸ்ஸி மூன்று கோல் அடித்தார். இத்தாலி 3-2 என்று வென்றது. அரையிறுதியில் இரண்டு, இறுதியில் ஒன்று. கிண்ணமும் வந்தது, அதிக கோல் அடித்தவர் விருதும் வந்தது.

இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் பிரேசில் ஆட்டத்துக்குக் கை தட்டுவார்கள். நான் பார்க்கச் சொல்வது அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களை. கோல் அடித்த பிறகு நாம் கொடுப்பது வாய்ப்பு அல்ல, கூலி. பெயார்ஸொட் கொடுத்ததுதான் வாய்ப்பு.

அடுத்தது என் சொந்தக் கட்சிக் கதை, அதனால் கொஞ்சம் கசக்கும். ஆர்சனல் அணித்தலைவர் டோனி அடம்ஸ் 1990 டிசம்பரில் குடிபோதையில் கார் ஓட்டிய குற்றத்துக்காக நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்று, அதில் பாதியை அனுபவித்தார். வெளியே வந்தவரைக் கழகமும் ரசிகர்களும் அள்ளி அணைத்துக்கொண்டார்கள். தலைவர் பதவி அப்படியே இருந்தது. அந்தப் பருவத்தில் சம்பியன் பட்டமும் கிடைத்தது. ஆர்சனல்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வோம். சொல்லாமல் விடுகிற பகுதி: அவர் குடியை விடவில்லை. இன்னும் ஐந்தரை ஆண்டுகள் குடித்தார். 1996 இல்தான் தான் ஒரு குடிநோயாளி என்று வெளியே சொன்னார். அதற்குப் பிறகு வந்த டோனி அடம்ஸ்தான் 1998 இல் லீக், எஃப்ஏ கிண்ணம் என்று இரட்டைக் கிண்ணம் தூக்கினார், 2000 இல் விளையாட்டு வீரர்களுக்காக ஒரு சிகிச்சை நிலையத்தையும் தொடங்கினார்.

1991 இல் அவருக்குக் கிடைத்தது வாய்ப்பா, சலுகையா? எதையும் கேட்காமல் கை தட்டி அழைத்துவந்து, சனிக்கிழமை சரியாக ஆடினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சம்பளநாள் இரவில் எங்கள் லயங்களில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. "நல்ல வேலைக்காரன், குடித்தால் என்ன" என்று கங்காணி கண்ணை மூடிக்கொள்வார்; அடி வாங்குவது இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நிற்கிற பிள்ளைகள்.

சூதாட்டத்தில் மாட்டியவர்களை என்ன செய்வது?

இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், காரணமும் எனக்குத் தெரியும்: திருத்த வருகிற தொலைபேசிகளில் பாதியில் பந்தயச் செயலி இருக்கிறது.

நியூகாசிலின் சன்ட்ரோ டொனாலிக்கு 2023 ஒக்டோபரில் பத்து மாதத் தடை விழுந்தது. சூதாட்டத்துக்கு அடிமையாகியிருந்ததை அவர் மறைக்கவில்லை. விளையாடும் தடையோடு சிகிச்சையும், இளைஞர்கள் முன்னால் போய்ப் பேச வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தன. தண்டனை என்றால் அப்படி இருக்க வேண்டும். அவர் இல்லாத மாதங்களிலும் ரசிகர்கள் அவருடைய பாட்டை விடவில்லை. 2024 ஓகஸ்டில் திரும்பினார். 2025 மார்ச்சில் லிவர்பூலை வென்று நியூகாசில் லீக் கிண்ணத்தைத் தூக்கியபோது நடுக்களத்தில் அவர் இருந்தார். எழுபது ஆண்டுகளில் அந்தக் கழகத்துக்குக் கிடைத்த முதல் உள்நாட்டுப் பெருங்கிண்ணம் அது.

பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனி மீது 232 பந்தய விதிமீறல்கள் பதிவாகி, 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடை. 2024 ஜனவரியில் நொட்டிங்ஹம் ஃபொரெஸ்டுக்கு எதிராகத் திரும்பிய நாளிலேயே ஃப்ரீகிக்கில் கோல் அடித்தார். உதைப்பதற்கு முன் நடுவர் தெளித்த நுரையோடு சேர்த்துப் பந்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். பின் பெஞ்சு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தடை முடிந்ததும் முதல் வேலை இதுவா" என்றார். அந்த நாட்களில் பிரென்ட்ஃபோர்ட் ஜேர்சியின் நெஞ்சில் இருந்தது ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர். சூதாடியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவனும் சூதாட்டக் கடையின் விளம்பரப் பலகையும் ஒரே ஆள். வீரனை மன்னிக்கலாமா என்று கேட்கிறவர்கள் இதையும் ஒருமுறை கேட்டால் நல்லது.

அடிதடிக்காரர்கள்?

எரிக் கன்டோனா 1995 ஜனவரியில் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில், தன்னைத் திட்டிய ரசிகனைத் தடுப்பு வேலிக்கு மேலாகப் பாய்ந்து உதைத்தார். செப்டெம்பர் முடியும்வரை தடை, 120 மணிநேர சமூக சேவை. அந்த மணிநேரங்களில் சிறுவர்களுக்குப் பந்து பழக்கினார். ஒக்டோபர் முதலாம் திகதி லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பி பெனல்டியில் கோல் அடித்தார், அந்தப் பருவத்தில் லீக்கும் எஃப்ஏ கிண்ணமும் யுனைட்டெட்டுக்கு. திட்டியவனும் யோக்கியன் அல்ல. இதில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கோபக்காரனைத் திரும்ப எடுப்பது மற்றவற்றைவிட எளிது.

தப்பே செய்யாமல், உடைந்துபோய் ஆட்டம் கெட்டவரை?

இவரையும் "குழப்பக்காரர்" பட்டியலில் போடுவது நம் பெரிய பிழை. டெலே அல்லி இருபது வயதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நம்பிக்கையாக இருந்தவர், பிறகு ஆட்டம் அப்படியே கரைந்தது. சோம்பேறி, பணம் தலைக்கேறியவன் என்று சொன்னவர்களில் நானும் உண்டு. 2023 ஜூலையில் ஒரு நேர்காணலில் அவர் வாய் திறந்தார்: சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது, தூக்க மாத்திரைக்கு அடிமையானது, அப்போதுதான் சிகிச்சை நிலையத்திலிருந்து வந்திருந்தது. அன்று பின்அறையில் சத்தமே இல்லை. ஒரு பையன் மட்டும் எழுந்து போய்க் கடை வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இலங்கையில் 1926 என்பது தேசிய மனநல உதவி எண். கடைச் சுவரில், ரீலோட் விலைப்பட்டியலுக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எல்லோருக்கும் இரண்டாம் வாய்ப்பு உண்டு என்றால், எல்லை எங்கே?

ஸ்கொட்லாந்தில் ரெய்த் ரோவர்ஸ் என்று ஒரு சிறிய கழகம். 2022 ஜனவரி கடைசி நாளில் டேவிட் குட்வில்லி என்ற முன்வரிசை வீரரை ஒப்பந்தம் செய்தார்கள். அவர் மீது குற்றவியல் வழக்கு நடக்கவில்லை. ஆனால் 2017 இல் சிவில் நீதிமன்றமொன்று, அவரும் இன்னொரு வீரரும் ஒரு பெண்ணைப் பாலியல் வன்புணர்வுக்கு உள்ளாக்கினார்கள் என்று தீர்ப்பளித்து ஒரு லட்சம் பவுண் நட்டஈடு விதித்திருந்தது. "கோல் அடிப்பார்" என்பதே கழகத்தின் கணக்கு. பெண்கள் அணித் தலைவி விலகினார். ஜேர்சியில் தன் பெயரைப் போட்டுப் பணம் கொடுத்துவந்த, வாழ்நாள் ரசிகையான எழுத்தாளர் ஒருவர் ஆதரவை நிறுத்தினார். நிர்வாகத்தில் இருந்தவர்களும் தொண்டர்களும் வெளியேறினார்கள். சில நாட்களுக்குள் கழகம் மன்னிப்புக் கேட்டு, அவர் விளையாட மாட்டார் என்று அறிவித்தது.

எங்கள் பின்அறையில் இதைப் பற்றிச் சண்டையே நடந்தது. "அவனும் பிழைக்க வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார். பிழைக்கட்டும். வேலை செய்து சாப்பிடும் உரிமையை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் பத்தாயிரம் பேர் பெயர் சொல்லிக் கூவுவதும், பிள்ளைகள் முதுகில் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு திரிவதும் எந்த மனிதனுடைய உரிமையும் அல்ல. அது இரவல். ரசிகர்கள் கொடுப்பது, ரசிகர்களே திரும்ப வாங்கலாம்.

என்னிடம் இருக்கிற அளவுகோல் ஒன்றுதான். அடி வாங்கிய ஆள் யார் என்று பாருங்கள். தன்னையே கெடுத்துக்கொண்டவனை மன்னிக்க நமக்கு உரிமை உண்டு. இன்னொருவரைக் கெடுத்தவனை அந்த இன்னொருவருக்குப் பதிலாக நாம் மன்னிக்க முடியாது. வேலிக்கு வெளியே நிற்கிற நாம் ஏதோ பாதிக்கப்பட்டவர்கள் மாதிரி "மன்னித்துவிட்டோம்" என்று பதாகை பிடிப்பது வேடிக்கை.

அப்படியானால் ஒரு வீரருக்காகக் கழகத்தைப் புறக்கணிக்கிறவர் துரோகியா?

அந்த எழுத்தாளரும் அணித் தலைவியும் துரோகிகளா? அவர்கள் போகாமல் இருந்திருந்தால் கழகம் திருந்தியிருக்குமா?

மரடோனா?

வரும் என்று தெரியும். 1991 இல் இத்தாலியில் கொக்கெய்ன் கண்டுபிடிக்கப்பட்டு பதினைந்து மாதத் தடை. 1994 உலகக் கிண்ணத்தில் எபெட்ரின் என்ற ஊக்கமருந்து, பாதியில் வீட்டுக்கு. 2020 இல் அவர் இறந்ததும் நேப்பிள்ஸ் நகரம் தன் மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தது. எங்கள் டவுனில் ஓட்டோ ஒன்றின் பின்கண்ணாடியில் முருகனுக்குப் பக்கத்தில் அவர் இருக்கிறார். மேலே சொன்ன அளவுகோலை நான் மரடோனாவுக்கு ஒழுங்காக வைத்துப் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. இதைக் கண்டுபிடித்து என்னை மடக்க நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம்.

நம் தோட்டத்து அணியில் இப்படி ஒன்று நடந்தால்?

நடந்தது. ஆளின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கோல் காப்பாளர்தான் அப்போது பொருளாளரும். பொங்கல் போட்டிக்கு ஜேர்சியும் வலையும் வாங்க, வீட்டுக்கு நூறு ரூபா என்று மேட்டு லயத்திலும் பணிய (கீழ்) லயத்திலும் சேர்த்த காசு அவரிடம் இருந்தது. கடைக்குப் போக வேண்டிய நாளில் காசு இல்லை. பாதி குடியில், பாதி சீட்டாட்டத்தில். அவர் ஓடி ஒளியவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மாரியம்மன் கோவில் முற்றத்தில் கூட்டம் போட்டபோது தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

பையன்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அவரைவிட்டால் வேறு காப்பாளர் இல்லை, போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது ஒரு கட்சி. முகத்திலேயே விழிக்கக் கூடாது என்றது மறு கட்சி. நான் முதல் கட்சி. கிண்ணம் வேண்டும் என்ற ஆசையை மனிதாபிமானம் என்று பெயர் மாற்றிப் பேசினேன்.

கடைசியில் பணிய லயத்துப் பெரியம்மா ஒருவர் எழுந்தார். உதைபந்தாட்டம் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் நூறு ரூபா கொடுத்தவர். "எங்களைக் கேட்காமல் நீங்கள் என்ன மன்னிக்கிறீர்கள்?" என்று எங்களைத்தான் முதலில் ஏசினார். பிறகு அவரைப் பார்த்து, "காசைக் கொண்டு வா. ஒவ்வொரு வீடாக நீயே கொண்டுபோய்க் கொடு. கொடுத்து முடியும்வரை நிலத்தைக் கட்டு, பந்தைத் தொடாதே" என்றார்.

நிலத்தைக் கட்டுவது என்றால் மைதான வேலை. எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டி எடுத்தது. ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் தேயிலை. ஞாயிறு காலையில் பனி விலகுவதற்கு முன் சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட வேண்டும், கம்பத்தில் வலை கட்ட வேண்டும். பந்து தேயிலைக்குள் உருண்டால் இறங்கி எடுத்துவர வேண்டும். மேலே வரும்போது காலில் நாலு அட்டையாவது இருக்கும். எட்டு மாதம் அதைச் செய்தார். ஒவ்வொரு சம்பளத்திலும் ஐந்தாறு வீட்டுக்குக் காசு போனது. சில வீடுகளில் வாங்க மறுத்தார்கள். பெரியம்மா விடவில்லை, வாங்க வைத்தார். அந்தப் பொங்கலுக்கு நாங்கள் பழைய ஜேர்சியில், பதினாறு வயதுப் பையனைக் கோலில் நிறுத்தி, முதல் சுற்றிலேயே 5-0 என்று தோற்றோம்.

அவர் திரும்ப ஆடிய முதல் ஆட்டத்தில் இலகுவான பந்தொன்று கையிலிருந்து நழுவிக் கோலானது. ஓரத்தில் நின்ற ஒருவன், "நூறு ரூபாவையும் இப்படித்தான் விட்டாயா?" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார் என்று சொல்ல ஆசைதான். சிரிக்கவில்லை. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து நடுக்களத்துக்கு எறிந்தார்.

அவர் இப்போதும் விளையாடுகிறாரா?

இல்லை, முழங்கால் போய்விட்டது. ஞாயிறு காலையில் வலை மட்டும் கட்டுவார். மற்றவர்கள் கட்டினால் முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவார்.